மூலக்கூறு எப்போது மருந்தாகிறது?

காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாரசிட்டமால் மாத்திரை ஒன்றை உங்கள் பள்ளி வேதியியல் கூடத்துத் தராசில் வைத்துப் பாருங்கள். அட்டையில் 500 மில்லிகிராம் என்று அச்சிட்டிருக்கும். தராசோ அதைவிடக் கூடுதலாகக் காட்டும். தராசில் பிழை இல்லை. அட்டையிலும் பொய் இல்லை. 500 மில்லிகிராம் என்பது பாரசிட்டமாலின் அளவு மட்டுமே. மீதி எடை மாவுப்பொருள், பசைப்பொருள், வழவழப்புக்காகச் சேர்க்கும் மெக்னீசியம் ஸ்டியரேட் முதலியவற்றால் ஆனது. இவற்றுள் எதற்கும் காய்ச்சலைத் தணிக்கும் ஆற்றல் கிடையாது.

அப்படியானால் இவை மாத்திரைக்குள் என்ன செய்கின்றன? இந்த ஒரு வினாவுக்கு முழு விடை காண நான்கு ஆண்டுகள் படிக்கவேண்டும். அந்த நான்கு ஆண்டுப் படிப்புக்குத்தான் பி.பார்ம். என்று பெயர்.

இயற்பியல் கற்பிக்கும் எனக்கு மருந்துப் படிப்பில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். ஒவ்வோர் ஆண்டும் மேல்நிலைத் தேர்வு முடிவுகள் வந்ததும், “மருத்துவம் கிடைக்கவில்லை சார், அதனால் பி.பார்ம்.” என்று முகம் வாடிச் சொல்லும் மாணவர்களைப் பார்க்கிறேன். அந்த ‘அதனால்’தான் என்னை எழுதத் தூண்டியது. மருந்துப் படிப்பின் பாடநூல்களைப் புரட்டிப் பார்த்தால், நான் வகுப்பில் கற்பிக்கும் பாகுநிலையும், விரவலும், ஒளி உட்கவர்தலும், கதிரியக்கச் சிதைவு விதியும் வேறு உடை உடுத்திக்கொண்டு அங்கே நிற்கின்றன. இவற்றில் ஒன்று தவறினாலும் அங்கே போவது தேர்வு மதிப்பெண் அன்று, ஓர் உயிர்.

பிரிஸ்பேன் நகரத்துப் புதிர்

1968-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்து மருத்துவர்கள் ஒரு விந்தையைக் கண்டனர். வலிப்பு நோய்க்காகப் பெனிட்டாயின் என்ற மருந்தை நெடுநாளாக ஒரே அளவில் உட்கொண்டு நலமாக இருந்த நோயாளிகள் பலர் திடீரென்று தள்ளாடி நடக்கத் தொடங்கினர். சிலருக்கு ஒரு பொருள் இரண்டாகத் தெரிந்தது. சிலரை ஓயாத உறக்கம் ஆட்கொண்டது. இவை உடலில் பெனிட்டாயின் மிகுந்துவிட்டால் தோன்றும் நச்சுக்குறிகள். இரத்தத்தைச் சோதித்தபோது மருந்தின் செறிவு உண்மையிலேயே மிகுந்திருந்தது. நோயாளிகளோ ஒரு கேப்சூல்கூடக் கூடுதலாக விழுங்கவில்லை. கேப்சூலுக்குள் இருந்ததும் பழைய அதே 100 மில்லிகிராம்தான்.

பிறகு எது மாறியது? கேப்சூலை நிரப்பப் பயன்பட்ட ‘வேலையற்ற’ பொருள் மாறியிருந்தது. அதுவரை கால்சியம் சல்பேட்டைக் கலந்து வந்த தயாரிப்பாளர், அதற்குப் பதிலாக லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரையைக் கலக்கத் தொடங்கியிருந்தார். இரண்டும் வெள்ளைப் பொடிகள். இரண்டுக்கும் வலிப்பைத் தடுக்கும் குணம் இல்லை. ஆனால் கால்சியம் சல்பேட் கலந்திருந்தவரை, விழுங்கிய பெனிட்டாயினில் ஒரு பகுதி குடலில் உறிஞ்சப்படாமலே வெளியேறிக்கொண்டிருந்தது. மருத்துவர்கள் அதை அறியாமலே, நோயாளியின் நிலையைப் பார்த்துப் பார்த்து அளவைச் சரிசெய்து வைத்திருந்தனர். நீரில் எளிதில் கரையும் லாக்டோஸ் வந்ததும் அந்த இழப்பு நின்றுபோய், கூடுதல் மருந்து இரத்தத்தில் நுழைந்தது.

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. கல்லீரலில் பெனிட்டாயினைச் சிதைக்கும் நொதிக்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது. ரேஷன் கடையில் மணிக்கு அறுபது அட்டைக்குத்தான் சரக்குப் போட முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு ஐம்பத்தைந்து பேர் வரும்வரை வரிசை பெரிதாவதில்லை. அறுபத்தைந்து பேர் வரத் தொடங்கினால்? வந்தவர் கூடியது பத்துப் பேர்தான். வரிசையோ நேரம் ஆக ஆக நீண்டு தெருமுனைக்கே போய்விடும். உறிஞ்சப்பட்ட பெனிட்டாயின் கொஞ்சம் கூடியதும் இரத்தச் செறிவு பலமடங்கு எகிறியதற்கு இதுவே காரணம்.

1970-இல் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான இந்நிகழ்ச்சியை இன்றும் மருந்து மாணவர்கள் பாடமாகப் படிக்கிறார்கள். மூலக்கூறு வேறு, மருந்து வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை. மூலக்கூறு சரியான இடத்தில், சரியான வேகத்தில், சரியான அளவில் கரைந்து இரத்தத்தை அடைந்தால்தான் அது மருந்து.

கரையும் வேகம்

இப்போது ஒரு சிறு சோதனை செய்யுங்கள். இரண்டு தம்ளர்களில் சம அளவு தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஒரு பெரிய கற்கண்டுக் கட்டியைப் போடுங்கள். மற்றதில் அதே எடையுள்ள கற்கண்டை அம்மியிலோ மிக்சியிலோ பொடித்துப் போடுங்கள். இரண்டையும் ஒரே வேகத்தில் கலக்குங்கள். பொடி கரைந்து மறைந்த பின்னும் கட்டி அடியில் கிடக்கும்.

இதன் கணக்கை அமெரிக்க வேதியியலாரான ஆர்தர் நாயஸும் வில்லிஸ் விட்னியும் 1897-இல் வகுத்தனர். கரையும் பொருளைச் சுற்றி மெல்லிய தெவிட்டிய கரைசல் படலம் ஒன்று சூழ்ந்துகொள்கிறது. அதிலிருந்து மூலக்கூறுகள் வெளியே விரவுகின்றன. தெவிட்டிய செறிவுக்கும் வெளிக்கரைசலின் செறிவுக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு மிகுதியோ, கரைதல் அவ்வளவு விரைவு. பரப்பு பெருகினால் கரையும் வேகமும் அதே விகிதத்தில் பெருகும் என்பது பின்வந்தோர் விரித்த சமன்பாட்டில் நேராகவே தெரிகிறது.

பரப்பை எப்படிப் பெருக்குவது? 1 சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் மொத்தப் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதை 1 மில்லிமீட்டர் பக்கமுள்ள கனசதுரங்களாக நறுக்கினால் 1000 துண்டுகள் கிடைக்கும். மொத்தப் பரப்பு 60 சதுர சென்டிமீட்டர். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பக்கமுள்ள துகள்களாக அரைத்தாலோ 6000 சதுர சென்டிமீட்டர்! எடை ஒரு துளியும் கூடவில்லை. பரப்பு மட்டும் ஆயிரம் மடங்காகிவிட்டது.

மாத்திரை செய்பவருக்கு இங்கே ஒரு தர்மசங்கடம். நுண்பொடியாக இருந்தால் விரைவில் கரையும். ஆனால் நுண்பொடி எந்திரத்தில் சீராக ஓடாது, அச்சுக்குள் ஒருமுறை கூடவும் ஒருமுறை குறையவும் விழும். ஆகவே பசைப்பொருள் சேர்த்துக் குருணையாக்குகிறார். குருணையை அழுத்தினால் கெட்டியான மாத்திரை கிடைக்கும். ஆனால் வயிற்றுக்குள் போனதும் அது உடையவேண்டுமே? அதற்குத்தான் மாவுப்பொருள். நீர் பட்டதும் உப்பி, மாத்திரையை உள்ளிருந்தே பிளக்கும். அச்சில் ஒட்டாமலிருக்க மெக்னீசியம் ஸ்டியரேட் வேண்டும். அது ஒரு நீர்வெறுப்பி. கொஞ்சம் மிகுந்தாலும் மாத்திரைக்கு எண்ணெய் பூசியதுபோல் ஆகி, நீர் உள்ளே புகாது. தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை ஓரளவு கிடைத்துவிட்டதல்லவா?

இவ்வளவும் செய்த பின் மாத்திரை சரியாகக் கரைகிறதா என்று எப்படி அறிவது? இதற்கு டிசால்யூஷன் கருவி என்று ஒன்று உண்டு. 37 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் வைத்த கண்ணாடிக் கலத்தில் வழக்கமாக 900 மில்லிலிட்டர் திரவம் இருக்கும். அதில் மாத்திரையை இட்டு, ஒரு துடுப்பு நிமிடத்துக்கு 50 போன்ற குறித்த வேகத்தில் சுழலும். குறித்த நேரத்தில் சிறிது கரைசலை உறிஞ்சி எடுத்து, அதன் வழியே புறஊதாக் கதிரைச் செலுத்துவார்கள். பாரசிட்டமால் காரக் கரைசலில் 257 நானோமீட்டர் அலைநீளமுள்ள கதிரை நன்றாக உட்கவரும். எவ்வளவு கதிர் உட்கவரப்பட்டது என்பதிலிருந்து எவ்வளவு மருந்து கரைந்திருக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம். பியர்–லாம்பர்ட் விதி என்று வகுப்பில் வரும்போது கொட்டாவி விடுகிறீர்களே, அதே விதிதான்!

குலுக்கினால்தான் மருந்து

சில சிரப்புகளின் மீது ‘நன்கு குலுக்கிய பின் அருந்தவும்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் மருந்து கரைந்திருப்பதில்லை, நுண்துகள்களாக மிதந்துகொண்டிருக்கிறது. மிதக்கும் துகள் விழும் முற்றுத் திசைவேகத்தை ஸ்டோக்ஸ் விதி தருகிறது. 10 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள துகள், அதன் அடர்த்தி நீரைவிடக் கன மீட்டருக்கு 300 கிலோகிராம் மிகுதி என்று கொண்டு கணக்கிடுங்கள். நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வரும். 10 சென்டிமீட்டர் உயரமுள்ள குப்பியில் இரண்டு மணி நேரத்துக்குள் மருந்து முழுவதும் அடியில் தங்கிவிடும். குலுக்காமல் ஊற்றினால், முதல் நாள் குழந்தைக்கு வெறும் இனிப்பு நீர். கடைசி நாள் பல வேளை மருந்து ஒரே கரண்டியில்.

திரவத்தின் பாகுநிலையைப் பத்து மடங்காக்கினால் வீழ்ச்சி பத்து மடங்கு மெதுவாகும். துகளின் விட்டத்தைப் பாதியாக்கினால் நான்கு மடங்கு மெதுவாகும். இரண்டையும் செய்தால் நாற்பது மடங்கு. இப்படித்தான் ஒரு சிரப் வடிவமைக்கப்படுகிறது. சமையலறையில் குழம்பு அடியில் தங்காமலிருக்கக் கொஞ்சம் மாவு கரைத்து ஊற்றும் அம்மாவுக்கும் இது தெரியும்; ஸ்டோக்ஸின் பெயர்தான் தெரியாது.

இரத்தத்தில் ஒரு பெருக்குத் தொடர்

மருந்து இரத்தத்தை அடைந்ததும் அடுத்த கணக்கு தொடங்குகிறது. சிறுநீரகமும் கல்லீரலும் அதை வெளியேற்றத் தொடங்குகின்றன. பெனிட்டாயின் போன்ற சிலவற்றை விட்டுவிட்டால், பெரும்பாலான மருந்துகள் கதிரியக்கத் தனிமம் சிதைவதைப் போலவே குறைகின்றன. குறிப்பிட்ட நேரத்துக்கொரு முறை பாதியாகும். அந்த நேரத்துக்கு இங்கேயும் அரை ஆயுட்காலம் என்றே பெயர்.

அரை ஆயுட்காலம் 6 மணி நேரம் உள்ள ஒரு மருந்தை, 6 மணிக்கொரு முறை 400 மில்லிகிராம் வீதம் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். விழுங்கியவுடன் முழுவதும் இரத்தத்தில் சேர்ந்துவிடும் என்றும் எளிமைக்காகக் கொள்வோம். முதல் வேளைக்குப் பின் உடலில் 400. இரண்டாம் வேளையின்போது பழையது 200 ஆகியிருக்கும். புதியதுடன் சேர்ந்து 600. அடுத்து 700, பிறகு 750, பிறகு 775. எவ்வளவு நாள் கொடுத்தாலும் 800-ஐத் தாண்டாது. கணித வகுப்பில் படித்த முடிவிலாப் பெருக்குத் தொடரின் கூடுதல்தான் இது.

இனி, அதே மருந்து சிறுநீரகம் தளர்ந்த ஒரு முதியவருக்குக் கொடுக்கப்படுகிறது. அவர் உடலில் அரை ஆயுட்காலம் 12 மணி நேரமாக நீண்டுவிட்டது. மருந்துச் சீட்டில் அதே 400, அதே 6 மணி. தொடரின் பொது விகிதம் இப்போது 0.5 அன்று, 0.707. கூட்டிப் பாருங்கள்: எல்லை ஏறத்தாழ 1366 மில்லிகிராம். நச்சு வரம்பு 1000 என்றிருக்கும் மருந்தானால், சில நாட்களில் அந்தப் பெரியவர் ஆபத்தில் இருப்பார். பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கம் நம் ஊரில் நிறைய உண்டு. அவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லலாம்.

ஒரே மூலக்கூறு, இரண்டு படிகங்கள்

கார்பன் வைரமாகவும் இருக்கிறது, பென்சில் கரியாகவும் இருக்கிறது. மருந்து மூலக்கூறுகளும் இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட விதமாக அடுக்கிக்கொள்ளக்கூடும். எய்ட்ஸ் நோய்க்கான ரிட்டோனவிர் என்ற மருந்து 1996-இல் விற்பனைக்கு வந்தது. 1998-இல் தொழிற்சாலையில் அதுவரை யாரும் பார்த்திராத இரண்டாவது படிக வடிவம் தோன்றியது. மூலக்கூறு அதேதான், ஆனால் கரைதிறன் மிகக் குறைவு. அந்தக் கேப்சூல்களை விற்பனையிலிருந்து விலக்கிக்கொண்டு, தயாரிப்பு முறையையே மாற்றவேண்டியதாயிற்று. வேதியியல் பகுப்பாய்வுக்கு இந்த வேறுபாடு புலப்படாது. எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, பிராக் விதிப்படி அவை சிதறும் கோணங்களை அளந்தால் புலப்படும்.

இனிக்கும் நஞ்சு

இதுவரை சொன்னவை நுட்பமான தவறுகள். இனிச் சொல்லப்போவது நுட்பமே இல்லாத தவறு, அதனாலேயே கொடியது.

1937-இல் அமெரிக்காவில் சல்பனிலமைடு என்ற கிருமி எதிர்ப்பு மருந்தைக் குழந்தைகளுக்கேற்பத் திரவமாக்க ஒரு நிறுவனம் விரும்பியது. அம்மருந்து தண்ணீரில் எளிதில் கரையாது. டைஎத்திலீன் கிளைக்கால் என்ற திரவத்தில் நன்கு கரைந்தது. நிறம் பார்த்தார்கள், மணம் பார்த்தார்கள், சுவை பார்த்தார்கள். நஞ்சா என்று மட்டும் பார்க்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மருந்தை விற்பதற்கு முன் அது பாதுகாப்பானதா என்று சோதிக்கவேண்டும் என்று அன்றைய அமெரிக்கச் சட்டம் கேட்கவே இல்லை! ‘எலிக்சிர்’ என்ற பெயரில் விற்றதால் அதில் ஆல்கஹால் இருந்திருக்கவேண்டும், இல்லாதது பெயர்ப் பிழை என்றுதான் வழக்குத் தொடர முடிந்தது. 1938-இல் சட்டம் மாறியது.

டைஎத்திலீன் கிளைக்கால் கல்லீரலில் டைகிளைக்காலிக் அமிலமாக மாறிச் சிறுநீரகத்தை அழிக்கிறது. அது நிறமற்றது, பாகு போன்றது, இனிப்பானது. சிரப்புகளில் முறையாகச் சேர்க்கப்படும் கிளிசரினும் நிறமற்றது, பாகு போன்றது, இனிப்பானது. கண்ணும் நாவும் இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. ஒன்றின் பீப்பாயில் மற்றது வந்துவிட்டால்?

வந்தது. 1986-இல் பம்பாயின் ஜே.ஜே. மருத்துவமனையில் இந்த நஞ்சு கலந்த கிளிசரினால் 14 நோயாளிகள் இறந்தனர். நீதிபதி லென்டின் அதை விசாரித்து அறிக்கை தந்தார். 2022-இல் ஆப்பிரிக்காவின் காம்பியாவில் ஏறத்தாழ 70 குழந்தைகள் இறந்தபோது, இந்தியாவில் தயாரான நான்கு சிரப்புகளைக் குறித்து உலகச் சுகாதார நிறுவனம் எச்சரிக்கை விடுத்தது. 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருமல் சிரப் அருந்திய இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். அந்தச் சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதைச் சோதித்தபோது டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம் இருந்தது. ஏற்கத்தக்க வரம்பு 0.1 சதவீதம்.

இதைக் கண்டுபிடிப்பது கடினமா? ஒளிவிலகல் எண்ணை அளந்தாலே ஓர் ஐயம் பிறக்கும். தூய கிளிசரினுக்கு அது 1.47, டைஎத்திலீன் கிளைக்காலுக்கு 1.45-க்குச் சற்றுக் குறைவு. சிறிதளவே கலந்திருந்தால் இது போதாது. வாயு குரோமட்டோகிராபி என்னும் முறையில் இரண்டையும் தனித்தனியே பிரித்து அளந்துவிடலாம். பி.பார்ம். மாணவர் அந்தக் கருவியைப் பற்றி ஏழாம் பருவத்தில் படிக்கிறார். ஆகவே குறை அறிவில் இல்லை. பீப்பாய் வந்து இறங்கியதும் அதிலிருந்து மாதிரி எடுத்து, சோதித்து, முடிவை எழுதி, தவறென்றால் ‘இதைப் பயன்படுத்தக் கூடாது’ என்று முதலாளியின் முகத்துக்கு நேரே சொல்ல ஓர் ஆள் வேண்டும். பட்டம் பெற்ற மருந்து அறிவியலாரின் வேலையில் முதன்மையானது இதுவென்றே நான் கருதுகிறேன்.

நான்கு ஆண்டுகளில் என்ன படிப்பீர்கள்?

உங்கள் தாத்தா பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். டாக்டர் வீட்டில் ‘கம்பவுண்டர்’ ஒருவர் இருந்தார் என்பார்கள். அவர் கலந்து தந்த சிவப்புத் தண்ணீர்க் குப்பியில், வேளைக்கு எவ்வளவு என்று காட்ட ஓரம் வெட்டிய காகிதப் பட்டை ஒட்டியிருக்கும். அக்காலத்தில் மருந்து செய்வது கைப்பழக்கம். அதைப் பல்கலைக்கழகப் படிப்பாக்கும் முயற்சி நம் நாட்டில் 1932-இல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் எம்.எல். ஷ்ராஃப் அவர்களால் தொடங்கியது. அதற்குச் சற்று முன்புதான் ஆர்.என். சோப்ரா தலைமையிலான குழு நாட்டில் போலி மருந்துகள் மலிந்திருப்பதை எடுத்துக்காட்டியிருந்தது. 1940-இல் மருந்துச் சட்டமும், 1948-இல் மருந்தாளுநர் சட்டமும் வந்தன. இந்திய மருந்தாளுநர் குழுமம் இந்த இரண்டாவது சட்டத்தின்கீழ் அமைந்ததே.

மேல்நிலையில் இயற்பியலும் வேதியியலும் கட்டாயம். அவற்றோடு கணிதமோ உயிரியலோ இருக்கவேண்டும். பலருக்கு இது தெரிவதில்லை. உயிரியல் பிரிவுக்கு மட்டுமே உரிய படிப்பு என்று எண்ணி விலகிவிடுகிறார்கள். கணிதப் பிரிவிலிருந்து வருபவருக்கு முதற்பருவத்தில் உயிரியல் துணைப்பாடம் உண்டு; உயிரியல் பிரிவிலிருந்து வருபவருக்குக் கணிதத் துணைப்பாடம். மொத்தம் எட்டுப் பருவங்கள். முதலாண்டில் உடற்கூறு, உடலியங்கியல், கனிம வேதியியல், உயிர்வேதியியல். கரிம வேதியியல் மூன்று பருவங்களுக்குத் தொடரும். அதைக் கண்டு அஞ்சுபவர் இப்போதே யோசித்துக்கொள்ளட்டும். இரண்டாம் ஆண்டில் வரும் இயற்பியல் மருந்தாக்கவியலில்தான் மேலே சொன்ன ஸ்டோக்ஸும் பாகுநிலையும் இருக்கின்றன. பிறகு மருந்து உடலில் செய்வதைக் கூறும் மருந்தியல், செடிகொடிகளிலிருந்து மருந்து பெறுவதைக் கூறும் பார்மகாக்னசி, தொழிற்சாலை முறைகள், மருந்துச் சட்டம், கருவிப் பகுப்பாய்வு, கடைசிப் பருவத்தில் புள்ளியியல்.

டி.பார்ம். என்பது இரண்டு ஆண்டுப் பட்டயம். அதை முடித்தவர் பி.பார்ம். இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரலாம். பார்ம்.டி. என்பது 2008-இல் வந்த ஆறு ஆண்டுப் படிப்பு. மருத்துவமனையில் நோயாளியின் அருகே நின்று மருந்தைக் கவனிப்பதற்கானது. மூன்றையும் ஒன்றென்று குழப்பிக்கொள்ளாதீர்கள்.

வேலை என்றதும் மருந்துக் கடை மட்டுமே நினைவுக்கு வருகிறது. கடையை நான் தாழ்வாகச் சொல்லமாட்டேன், மேற்சொன்ன முதியவரின் சீட்டைப் பார்த்து, “ஐயா, உங்களுக்குச் சிறுநீரகக் கோளாறு உண்டா?” என்று கேட்கக் கடைசியாக வாய்ப்புள்ளவர் அங்கே நிற்கும் மருந்தாளுநர்தான். ஆனால் தொழிற்சாலை, தரச் சோதனைக்கூடம், பக்கவிளைவுகளைப் பதிந்து ஆராயும் பணி, அரசின் மருந்து ஆய்வாளர் பதவி, மேற்படிப்பு என்று பாதைகள் பல. சிறு நிறுவனங்களில் முதற்சம்பளம் கை நிறைய இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். உற்பத்திக் கூடத்தில் இரவுப் பணியும் உண்டு. செய்ததை எல்லாம் அந்தந்த நேரத்தில் பதிவேட்டில் எழுதவேண்டும். எழுதாத சோதனை செய்யாத சோதனையாகவே கொள்ளப்படும். ஆய்வுக்கூடக் குறிப்பேட்டை நண்பனிடம் வாங்கி நகல் எடுக்கும் பழக்கமுள்ளவருக்கு இந்தப் படிப்பு ஒத்துவராது.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது இந்திய மருந்தாளுநர் குழுமத்தின் ஒப்புதல் அந்த ஆண்டுக்கு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒப்புதல் இல்லாத இடத்தில் பெற்ற பட்டத்தைக் கொண்டு மருந்தாளுநராகப் பதிவு செய்ய முடியாது. கட்டடத்தையும் பேருந்தையும் பிறகு பார்க்கலாம். ஆய்வுக்கூடத்துக்குப் போய் டிசால்யூஷன் கருவியைக் காட்டச் சொல்லுங்கள். தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா, துடுப்புகள் சுழல்கின்றனவா, கடைசியாக என்று அளவுத்திருத்தம் செய்தார்கள் என்று கேளுங்கள். அங்கிருக்கும் ஒரு மூன்றாம் ஆண்டு மாணவரே பதிவேட்டைப் புரட்டித் தேதியைச் சொல்லிவிட்டால் விண்ணப்பத்தை வாங்கிக்கொள்ளுங்கள். கருவிமேல் துணி போர்த்தி, ஆயுதபூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு மட்டும் கலையாமல் இருந்தால், அடுத்த கல்லூரிக்குப் பேருந்து எத்தனை மணிக்கு என்று விசாரியுங்கள்.